இரண்டு கதவுக் காடி

என் கணவர் இறந்த பிறகு அவருடைய ஏழு பேர் உட்காரும் காரை, எங்கள் பேச்சில் காடியை, நான் ஒருத்தியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள், கோயில் பயணம் என்று எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என ஆசைப்பட்டு அவர் வாங்கியது அது. மகன் வேலைக்குச் சிங்கப்பூர் போனான். மகள் கல்யாணமாகிப் பினாங்கு போனாள். பிறகு அவரும் போய்விட்டார். பின்னிருக்கைகளை மடக்கிவிட்டு அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு வருவேன். திருப்பங்களில் சிலிண்டர் உருளும் சத்தம் மட்டும் துணைக்கு வரும்.

ஒரு நாள் சாயங்காலம் புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது. காடி நகரவில்லை. எஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் ஓடிவந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்த போர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் கூப்பிடுவோம்.

“கியர் பாக்ஸ் போச்சுக்கா. இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதீங்க லா. வேற காடி பார்த்துடுங்க.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் இருவரும் வீடியோ காலில் வந்தார்கள்.

“ஆட்டோ கியரா பாருங்கம்மா. சின்னதா, பெட்ரோல் கம்மியா குடிக்கிறதா எடுங்க,” என்றான் மகன்.

“சின்னது வேணாம்மா. நாங்க வந்தா புள்ளைங்களோட எங்கே உட்காருறது? பூட் பெருசா இருக்கணும். ஏர்பேக் எத்தனைன்னு கேளுங்க,” என்றாள் மகள்.

அவர்கள் வருவது தீபாவளிக்கும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் மட்டும்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மானுவல் கியர் வேண்டும் என்றிருப்பேன். கல்யாணத்துக்கு முன் அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு வந்துகொண்டிருந்தபோது என்னிடம் ஒரு பழைய மானுவல் காடி இருந்தது. எஸ்டேட் பெண்கள் மூன்று பேர் என்னோடு ஏறிக்கொள்வார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் மூன்றாவது கியருக்கு மாற்றும்போது வண்டி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பாயும். பெண்கள் கூச்சல் போடுவார்கள். கல்யாணமான பிறகு கணவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவருடைய காடி ஆட்டோ கியர். கிளட்ச் மிதிக்க வேண்டும் என்று இடது காலுக்கு ஓர் ஆசை அப்படியே தங்கியிருந்தது.

ஆக, நான் தேடியது ஒரு கலவை. அரிசி மூட்டை ஏற வேண்டும். மூட்டுவலிக்கு ஏற்ற உயரத்தில் இருக்கை வேண்டும். பேரப்பிள்ளைகள் வந்தால் உட்கார இடம் வேண்டும். அதோடு, திருப்பத்தில் கியரை இறக்கி ஏற்றும்போது மனசு கொஞ்சம் துள்ளவும் வேண்டும்.

காடி இல்லாத அந்த வாரங்களில் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தேன். நேப்பாளப் பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். பேச்சுக்கு யாரும் இல்லை. சனிக்கிழமையானால் வாடகைக் காடி பிடித்துப் பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கமுள்ள பழைய காடிக் கடைகளுக்குப் போய்விடுவேன்.

முதல் கடையில் சீன முதலாளி மலாயில் கேட்டார், மகனுக்கு வாங்குகிறீர்களா என்று. எனக்குத்தான் என்றதும் ஓர் ஆட்டோ கியர் காடியைக் காட்டினார். பளபளவென்று இருந்தது. நான் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். அடிப்பகுதியில் மண் நிறத்தில் ஒரு கோடு. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காடி. முதலாளி சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்கு நடந்தார்.

இரண்டாவது கடையில் விற்பனைக்கு நின்றவன் நம் தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து சாமந்திப்பூ டீ டின் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “உட்காருங்க ஆண்ட்டி,” என்றான். நாலு கதவு, பின்னால் முழுதாகத் திறக்கும் கதவு, மானுவல் கியர் என்று நீல நிறத்தில் ஒரு காடியைக் காட்டினான். உள்ளூரில் செய்தது. ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதவு சாத்தும் சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கடைக்குப் போனேன். அதற்கடுத்ததும். அவன் ஒவ்வொரு முறையும் டீ கொடுத்தான். கால்வலி எப்படி இருக்கிறது, பினாங்கிலிருந்து மகள் வந்தார்களா என்று கேட்டான். நான் ஏதாவது ஒரு காடியில் ஏறி உட்கார்ந்து, ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்து, எழுந்து வந்தேன்.

அப்போதுதான் இணையத்தில் அந்தச் சிவப்புக் காடியைப் பார்த்தேன். இரண்டே கதவு. ஜப்பான் காடி, மானுவல். வயதானது, ஆனால் பெயிண்ட் மங்கவில்லை. இடம் கோலா சுங்கை பாரு. போன் பண்ணினேன். எடுத்தவர் குரலில் வயது தெரிந்தது. தமிழில் பேசினார்.

“ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வாம்மா. நான் வீட்டுலதான் இருப்பேன்.”

வாடகைக் காடி என்னைக் கடலோர வீட்டின் முன் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றாமல் வாசலில் நின்றார். எழுபதைத் தாண்டியவர். அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். கூடத்தில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மனைவியின் படம் மாலையோடு இருந்தது. கெட்டியாகக் காப்பி போட்டு வைத்திருந்தார். பிஸ்கட்டைத் தட்டில் வட்டமாக அடுக்கியிருந்தார்.

காடியின் மேல் போட்டிருந்த துணியை அவர் உருவியபோது எனக்கு உண்மையாகவே மூச்சு நின்றது. அவ்வளவு அழகு. தாழ்வாக இருந்தது. உள்ளே இறங்கி உட்கார முட்டி முனகியது. உட்கார்ந்த பிறகு எழவே மனம் வராது போலிருந்தது. பின்னால் இருக்கை என்று ஒன்று இருந்தது, கைப்பையை வைக்கலாம்.

“கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும், பார்த்து விடு,” என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கடலோரச் சாலையில் பெங்கலான் பாலாக் பக்கமாகப் போனோம். முதலில் இரண்டு முறை எஞ்சின் அணைந்தது. மூன்றாவது கியரில் அது எழும்பிய சத்தத்தில் நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

“இப்ப மாத்தாதே. இன்னும் கொஞ்சம் பாட விடு,” என்றார். சற்றுப் பொறுத்து, “இப்ப மாத்து.”

சவுக்கு மரங்களுக்கு அடியில் பீசாங் கோரெங் விற்கும் கடை ஒன்றில் நிறுத்தச் சொன்னார். பொரித்த வாழைப்பழத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரிடம் கேட்டாள்:

“பெம்பெலி பாரு லாகி கா, அங்கிள்?”

வாங்குவதற்குப் புதுசாக இன்னொரு ஆளா என்று கேட்கிறாள். அவர் காது கேட்காதவர் போல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து காடியை நிறுத்தினேன். போனில் வாடகைக் காடிக்குப் பதிந்தால் அந்த இடத்துக்கு வர வெகுநேரமாகும் என்று காட்டியது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

“நெறைய பேர் வந்து பார்த்தாங்களா அங்கிள்?” என்றேன்.

“வருவாங்க. சனி ஞாயிறுல யாராவது வருவாங்க.”

“அப்புறம் ஏன் இன்னும் விக்கல?”

அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

“கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சும்மா. இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆஸ்திரேலியாவுல இருக்கிற மவன்தான் வித்துருங்கப்பான்னு விளம்பரம் போட்டான். மொத ஆள் வந்தப்ப விக்கத்தான் இருந்தேன். அவனோட ஒரு சுத்து போயிட்டு வந்தேன் பாரு… விக்க மனசு வரல. விலையை ஏத்திச் சொன்னேன், போயிட்டான். இப்ப எல்லாருக்கும் அப்படித்தான். வருவாங்க, காப்பி குடிப்பாங்க, என்னையும் ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போவாங்க. ஒரு மணி நேரம் பேச ஆள் கிடைக்கும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஏமாற்றினார் என்றும் தோன்றவில்லை. அவர் கட்டைவிரலால் காப்பிக் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீ நல்லா ஓட்டுறே. நெசமாவே வேணும்னா சொல்லு, உனக்குக் கொடுத்துடுறேன். மார்க்கெட் விலைக்கே,” என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் காடியில் தினமும் வேலைக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். அரிசி மூட்டையை எங்கே வைப்பேன், மருமகப்பிள்ளை எங்கே மடங்குவார் என்றும் நினைத்தேன். அதற்குமேல் இன்னொன்று இருந்தது. நான் இதை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் அடுத்த ஞாயிறு இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

“முட்டி ஒத்துக்காது அங்கிள்,” என்றேன்.

“ஆமா ஆமா, தாழ்வுதான்,” என்று உடனே சொன்னார். முகம் தெளிந்துவிட்டது. மீதி பிஸ்கட்டை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும், சட்டென்று அந்த நீலக் காடி நினைவுக்கு வந்தது. அதன் கதவுச் சத்தத்தில் ஒன்றும் குறை இல்லை. எனக்கு அது முதல் நாளே தெரியும். வாங்கிவிட்டால் சனிக்கிழமை போவதற்கு இடம் இருக்காது, டீ கொடுத்துக் கால்வலியை விசாரிக்க ஆள் இருக்காது. அதனால்தான் வாரா வாரம் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கோலா சுங்கை பாருவில் அவர் ஆட்களை வரவழைத்தார். நான் ஆட்களைத் தேடிப் போனேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஹாலில் நின்றபடியே பிஸ்கட்டைத் தின்று முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீலக் காடி இன்னும் அங்கேயே நின்றது. போர்மேனையும் கூட்டிக்கொண்டு போனேன். அடியில் படுத்துப் பார்த்தார், எஞ்சினுக்குக் காது கொடுத்தார், தலையை ஆட்டினார். “எடுத்துக்குறேன்,” என்றதும் விற்பனைப் பையன் சந்தோஷப்பட்டான். என்னோடு கைகுலுக்கினான். சாவி கைக்கு வந்த நாளில் அவன் வேறொரு குடும்பத்துக்கு டீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து கை காட்டினான்.

காடி எனக்குப் பிடித்தது. மூட்டை ஏறியது, முட்டி முனகவில்லை. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட வளைவு உண்டு. அங்கே மூன்றுக்கு இறக்கி வெளியே வரும்போது அது கொஞ்சம் துள்ளும். சிவப்புக் காடி மாதிரி பாடாது, முணுமுணுக்கும். எனக்கு அது போதும் என்றிருந்தது.

பெரியவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “என்ன நிறம்? கிளட்ச் எங்கே பிடிக்குது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “ஒரு நாள் எடுத்துக்கிட்டு வா,” என்றார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கிளம்பிப் போனேன். கடலோரச் சாலையில் அவர் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் எதிரே சிவப்புக் காடி வந்தது. ஓட்டியவன் ஓர் இளைஞன். பக்கத்தில் பெரியவர், அதே வெள்ளைச் சட்டை. கையை உயர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கியர் மாற்றச் சொல்கிறார் போல. இளைஞன் சிரித்தான். நான் ஹாரனில் கை வைத்தேன், அடிக்கவில்லை. அவர் என் காடியைப் பார்த்ததில்லை. தெரிந்திருந்தாலும் அந்தக் கண்ணுக்கு எட்டியிருக்காது. அவர்கள் பெங்கலான் பாலாக் பக்கம் போய்விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. மலாக்கா டவுனைக் கடந்து அப்படியே தெற்கே உம்பாய் வரை ஓட்டினேன். பொழுது சாயும் நேரம். மீன் கடைகளில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்ட கடைப்பையனிடம் ஒருத்தர் என்றேன். சின்ன மேசை எதுவும் காலியில்லை. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் எனக்கு ஒரு தட்டு வைத்தான். மிச்ச நாற்காலிகளைப் பக்கத்து மேசைக் குடும்பம் ஒன்றொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

மகள் வீடியோ காலில் வந்தாள்.

“எங்கம்மா இருக்கீங்க? யார் கூட?”

“உம்பாயில. மீன் சாப்பிட வந்தேன். தனியாத்தான்.”

“அவ்ளோ தூரமா? காடி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. வளைவுல மூணாவது கியர் போட்டா…”

பின்னால் குழந்தை அழுதது. “அப்புறம் கூப்பிடுறேம்மா,” என்று வைத்துவிட்டாள்.

வாழையிலையில் சுட்ட மீன் வந்தது. சம்பல் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. முழு மீன், ஒருத்தருக்கு அதிகம். முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்து, அவசரப்படாமல், கடைசி வரை சாப்பிட்டேன்.