உட்கார்ந்தபடியே ஏறிய மலை

தொட்டபெட்டாவின் உயரத்தை ஒரே நாளில் சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்பது எனக்கும் தறி நெய்யும் நண்பன் வரதனுக்கும் ஆசை. காஞ்சிபுரத்தில் ஏது மலை? செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு குன்றிலேயே, அவ்வளவு உயரம் சேரும்வரை என்று, திரும்பத் திரும்ப ஏறினோம். என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரம், காற்றின் அழுத்தத்தை வைத்து ஏறிய உயரத்தைக் கூட்டிச் சொல்லும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் குன்றை முன்பே அளந்திருந்த வரதனோ, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் பட்டு நூலில் ஒரு முடிச்சு போட்டான்.

மாலையில், களைப்பில் உடம்பே மிதப்பதுபோல் இருந்தபோது, கடிகாரம் இலக்கைக் காட்டியது.

"இன்னும் ரெண்டு முடிச்சு பாக்கி இருக்குதுபா," என்றான் வரதன்.

"வாட்ச் பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அடிவாரப் பனைமரத்தில் சாய்ந்தேன். கண் சொருகியது. கடிகாரத்தில் எண்கள் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தன. நானே மேகத்துக்குள் போவதுபோலத் தோன்றியது.

"குந்திக்கினே மலை ஏறுறியே, எப்படிபா?" என்று என் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்த வரதன், சட்டென்று மேற்கே பார்த்தான். வானம் மையாய்க் கறுத்திருந்தது. மழைக்கு முன் காற்றழுத்தம் குறைந்ததைக் கடிகாரம் உயரமென்று எண்ணியிருக்கிறது. அருகிலிருந்த கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். உள்ளே நுழைந்ததும் அந்தப் பனையில் இடி விழுந்தது.

இப்போது முடிச்சுகளைத்தான் எண்ணுகிறேன். கடிகாரத்தையும் கழற்றவில்லை. உட்கார்ந்த இடத்தில் நான் உயர்ந்தால், உடனே வானத்தைப் பார்க்கிறேன்.