அம்மாவின் விதைக்கடலை

காய்ந்த கடலைக் காயை விரலால் நெரித்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், அது அடுப்படி வரை கேட்டுவிடக் கூடாதென்று நான் தலையணைக்கு அடியில் கையை நுழைத்து உடைப்பேன். நான் திருடித் தின்றது விதைக்கடலை.

மலேசியாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், புதிதாக நட்ட கன்றுகளுக்கு இடையே லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் ‘கச்சான்’ என்கிற நிலக்கடலை போட்டுக்கொள்ள நிர்வாகம் விட்டிருந்தது. அறுவடையின்போது அம்மா ஒவ்வொரு செடியாகப் பிடுங்கித் தூக்கிப் பார்த்து, கொத்துக்கொத்தாகக் காய்த்த செடிகளின் காயை மட்டும் தனியே காயவைத்து, பிஸ்கட் தகரத்தில் போட்டு இறுக மூடுவார். ஆறேழு போகம் இப்படிப் பொறுக்கியதில் எங்கள் பாத்தியில் கடலை கொட்டியது, அம்மாவுக்கு ‘ராசிக்கை’ என்று பெயரும் வந்தது. விதைப்பு நாளன்று அடுத்த வீட்டுச் செல்லம்மா சித்தி எங்கள் தகரத்திலிருந்தே விதை வாங்கிக்கொண்டு, “மொதக் குழி நீங்க போடுங்கக்கா, உங்க கை பட்டா போதும்லா” என்று நிற்பார். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது.

அந்தத் தகரத்தில்தான் கைவைத்தேன். பசியென்று சொல்லித் தப்பிக்க முடியாது, வெறும் வாய் நமநமப்பு. தகரத்தின் அடி தெரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. விற்பதற்குக் கட்டிவைத்த மூட்டையைப் பிரித்து, இருப்பதிலேயே பருத்த காய்களாகத் தேடித் தேடி நிரப்பினேன். தகரத்தைத் திறந்த அம்மா, “இந்தத் தடவ வெதை நல்லா தெரண்டிருக்கு” என்றார். எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

செடிகள் தளதளவென்று வந்தன. பிடுங்கினால் வேண்டாவெறுப்பாக மூன்று காய், நான்கு காய். சித்தியின் பாத்தியிலும் அதே கதை. யாரும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த போகத்தில் முதல் குழி போட அம்மாவைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். “என் கையிலதான் என்னமோ ஆயிருச்சு” என்று அம்மா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் விதை எடுத்துவைக்கவே இல்லை.

பல வருடம் கழித்து, கடலை ரகங்களை உருவாக்கும் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளராகச் சேர்ந்தேன். காயின் பருமனைப் பார்த்து மயங்காதே, செடி எவ்வளவு காய்த்ததென்று பார் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். நாலே காய் பிடித்த செடியில் அந்த நாலும் பருத்துத்தான் இருக்குமாம். கடலை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருவுறுவதால் தாய்ச்செடியின் குணம் அப்படியே விதையில் இறங்குமாம். அம்மா பிடுங்கித் தூக்கிப் பார்த்தது எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் பொறுக்கிப் போட்டது எதை என்பதும் புரிந்தது.

அந்தத் தோட்டம் இப்போது வரிசை வீடுகளாகிவிட்டது. அம்மாவின் கடலை பழைய ரகங்களைச் சேமித்துவைக்கும் எங்கள் பண்ணையின் விதைக் குளிரறையில்கூட இல்லை. சிரம்பானில் என்னோடுதான் அம்மா இருக்கிறார். தகரத்தில் கைவைத்ததைப் பற்றி இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்து, நட்டுத்தரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “எனக்குக் கைராசி இல்லம்மா. எம் மகளக் கூப்பிடு, அவ வெதை ஆபீஸ்ல வேல பாக்குறா” என்றார்.

நான் போய் நட்டுக் கொடுத்தேன்.