மழைக்கு மேலே உள்ள வானிலை

நோர்வேயில் சிறுவர் பள்ளியை 'பார்னஹாகே' என்கிறார்கள். அங்கே மழையிலும் பிள்ளைகளை வெளியேதான் விளையாட விடுவார்கள். மாலையில் மகனைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் ஆசிரியை ஆன்னே கேட்பார்: "நாளைக்கு இறப்பர் பூட்ஸ் தேவையா? நீங்கள்தானே வானிலைக்காரி." என் வானிலை மழைக்கு வெகு மேலே தொடங்குகிறது என்று அரைகுறை மொழியில் விளக்குவேன். சூரியன் சீறினால் உச்சியிலுள்ள மெல்லிய காற்று சூடேறி உப்புகிறது. தாழச் சுற்றும் செய்மதிகள் அதில் உரசிக் கீழிறங்குகின்றன. அதை முன்கூட்டிச் சொல்வதே என் வேலை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பூட்ஸ்?" என்பார்.

இலங்கையில், இரத்தினபுரிப் பக்கம் நிவித்திகலவுக்கு அருகே ஒரு தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு இறப்பர் பால் வெட்டும் என் அம்மாவின் கேள்வியும் அதுதான். மரம் நனைந்தால் அன்று வேலை இல்லை. "அம்புட்டுப் படிச்சும் மழ சொல்லத் தெரியல. நம்ம கங்காணிக்கு முழங்கால் வலிச்சாலே மழ வந்துருது" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் தம்பி செல்வம் தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சு விரிசல் விட்டிருக்கு. இன்னும் பேஞ்சா சரிஞ்சிருமாம். எல்லாரையும் ஸ்கூலுக்கு எறங்கச் சொல்லிட்டாங்க. அம்மா மட்டும் 'என் மக சொல்லட்டும்'னு உக்காந்திருக்கு."

அம்மா போனை வாங்கினார். "சொல்லு புள்ள, மழ இன்னும் பேயுமா?"

என் திரையில் சூரியன் மட்டும்தான் இருந்தது; அதுவும் அன்று சாதுவாக. 'கூடும்' என்று எழுதவே பத்து முறை யோசிப்பவள் நான். "அங்க இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"நல்லாக் கேட்ட போ! ஆபீசுல இருக்கது நீயா, நானா?"

"பெரிய மழைம்மா. நிச்சயம். எறங்குங்க."

வானத்தைப் பற்றி 'நிச்சயம்' என்று நான் சொன்னது அதுவே முதல் தடவை. அம்மா கோழிகளோடும் டீவியோடும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார். இறங்கியதும் மழை விட்டது. "ஒங்க மக சொன்ன மழ கப்பல்லயா வருது?" என்று லயமே சிரித்ததாம். அம்மா லயத்துக்குத் திரும்பி, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மலையில் வெடிப்பு அப்படியே இருந்தது. அடுத்த முறை இறங்குவாரா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு தினமும் ஒரு செய்மதி எடுக்கும் மேகப் படத்தில் இரத்தினபுரியைத் தேடத் தொடங்கினேன். நாளில் ஒரு சுற்றில் என் தலைக்கு மேலும் இன்னொரு சுற்றில் அம்மாவின் தலைக்கு மேலும் போகும் செய்மதி அது. அந்த வாரமே சூரியன் சீறியது. அந்தச் செய்மதியும் இறங்கக்கூடும் என்று எச்சரிக்கை எழுதினேன். அன்றைய படத்தில் இரத்தினபுரியே தெரியாதபடி வெள்ளை அப்பியிருந்தது. எங்கள் அலுவலகத்தின் கீழ்மாடியிலிருக்கும் மழைக்காரர்களிடம் காட்டினேன்; பலத்த மழை என்றார்கள். செல்வத்தைக் கூப்பிட்டு, அம்மாவின் காதில் போனை வைக்கச் சொல்லி, எங்கள் இருவர் தலைக்கும் மேலே போகும் செய்மதி, அதைக் கீழே இழுக்கும் சூரியன், அது காட்டிய மழை என எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அது விழாம பாத்துக்கிறதுதான் ஒன் வேலையா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. சரி, எறங்குறேன். கோழியையுமா?"

"கோழியையும்."

மறுநாள் காலை, அங்கே இரவிலிருந்து கொட்டுகிறது, அம்மா பள்ளிக்கூடத்தில்தான் என்று செல்வம் செய்தி அனுப்பியிருந்தான். இங்கே வானம் கழுவி வைத்ததுபோல நீலமாக இருந்தது. மகனின் காலில் பூட்ஸைப் பார்த்த ஆன்னே, "பூட்ஸா? இன்று மழை இல்லையே?" என்றார்.

"பெய்கிறது" என்றேன்.

ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவர் மற்றப் பிள்ளைகளுக்கும் பூட்ஸ் மாட்டத் தொடங்கினார்.