ஓட்டைக் காசும் தொய்யாத நூலும்

மனித குலம் செய்த குற்றங்களிலேயே பெரியது, நாணயத்தில் ஓட்டை போட்டதுதான். போரைக்கூட மன்னித்துவிடலாம், அதில் இரண்டு தரப்பாவது இருக்கும். நாணயத்தின் தரப்பை யார் கேட்டார்கள்?

இதைச் சிரிக்காமல் சொல்கிற ஒருவர் இருக்கிறார். பழைய நாணயங்களை வாங்கி விற்பது தொழில். எந்நேரமும் வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகியிருப்பதால் தெருவே அவரை 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான். இது அவருக்கு நடந்தது. கற்பனை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பேய்க் கதை என்றதும் நடுநிசியையும் நாய் ஊளையையும் எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். நடந்தது பட்டப்பகலில். கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிடும் அளவுக்கு வெயில்.

ஓட்டைக் காசோடு வருகிறவர்களை லென்ஸ் சும்மா விடமாட்டார். "பிள்ளை கழுத்துல கட்டறதுக்காகத் துளைச்சிருக்காங்க. காசைக் கட்டினா கெட்டது அண்டாதுன்னா, பேங்க் கேஷியர் ஒருத்தரும் சாகவே கூடாதே?" என்பார். வெள்ளி எடைக்கு மட்டும் விலை போட்டு வாங்குவார். ஆள் போனதும் ஓட்டையில் வெள்ளியை உருக்கி அடைத்து, அரம் போட்டு, அழிந்த எழுத்தை ஊசியால் கீறி, முழு நாணயமாக்கிவிடுவார். விற்கும்போது சிகிச்சை விவரத்தை வெளியில் சொல்லமாட்டார். நோயாளியின் அந்தரங்கம்.

மாடியில் வீடு. முன்னறைதான் கடை. நடு அறை அவருடைய பத்து மாத மகளின் ராஜ்ஜியம். பெயர் 'குண்டு'. தவழ்வாள், எழுந்து நிற்க இன்னும் பழகவில்லை. அதற்குப் பின்னால் சமையலறை. அதன் கதவைத் திறந்தால் செங்குத்தாக இறங்கும் இரும்புப் படிகள்.

அன்று பழைய வீடுகளின் தரைப்பலகைகளைப் பெயர்த்து விற்கிற தச்சர் வந்தார். தெரிந்தவர்தான். ஆனால் வந்த விதம் புதிது. வலது கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிவருகிறவர்போல் அடி மேல் அடி வைத்து வந்தார். பின்னால் யாரும் இல்லை. உள்ளங்கையில் இருந்ததை மேஜையில் வைத்தார்.

"எவ்வளவுண்ணே எதிர்பார்க்கிறீங்க?"

"குடுக்கறதைக் குடுங்க சார்."

பேரம் பேசாத ஆளை இந்தத் தொழிலில் நம்பக் கூடாது. லென்ஸ் தலையை நிமிர்த்துவதற்குள் தச்சர் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார். காசுகூட வாங்கவில்லை.

பெரிய வெள்ளி நாணயம். கிரீடம் வைத்த ஒரு தலை. கிரீடத்துக்கு மேலே ஓட்டை. அதில் ஒரு முழக் கறுப்பு நூல் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. நூலின் மறுமுனையில் ஒரு சின்னச் சுருக்கு, குழந்தையின் மணிக்கட்டு அளவுக்கு. மேஜை விளிம்பைத் தாண்டி நூல் தொங்கியது. நேராகத் தொங்கவில்லை. வாசல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. லென்ஸ் அதைப் பார்த்தார். மேஜை கோணல் என்று முடிவு செய்தார்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் நெருடியது.

"இங்க வந்து பாரேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "கழுத்துல தொங்கின காசுன்னா ஓட்டையோட விளிம்பு தேஞ்சிருக்கும். இது தேயல. முடிச்சு அழுந்தி, காசே தட்டு மாதிரி குழிஞ்சிருக்கு. நூலை யாரோ அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டே இருந்திருக்காங்க."

"வெள்ளி வளையற அளவுக்கா? எருமையைக் கட்டியிருப்பாங்க."

"சுருக்கைப் பாரு. எருமைக் காலுக்கா இது?"

"அப்ப நீங்களே வச்சுக் கொஞ்சுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

லென்ஸ் கத்தரியை எடுத்து முடிச்சோரமாக நூலை வெட்டினார்.

நூல் கீழே விழவில்லை. சர்ரென்று தரையோடு ஊர்ந்து நடு அறைக் கதவின் அடியில் போய் மறைந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டார்.

கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

சரி, வெளிக்காற்று. குழிந்த காசைத் தட்டி நிமிர்த்தினார். வெள்ளியை உருக்கி ஓட்டையில் விட்டார். அன்று கை அப்படிப் பேசியது. அடைப்பு எங்கே முடிகிறது, நாணயம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. வாழ்நாளின் சிறந்த வேலை. பக்கத்து அறையில் குண்டு கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். மனைவி விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து இவர் அரம் போட்டார்.

"என்னங்க…" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அவளை ரொம்பச் சிரிக்க வைக்காதீங்க. விக்கல் வந்துடும்."

அரம் நின்றது.

"நான் இங்க இருக்கேன்," என்றார் லென்ஸ்.

பக்கத்து அறையில் சிரிப்பு நின்றுபோனது.

தப்… தப்… தப்…

சின்னப் பாதங்கள். தவழும் சத்தம் இல்லை. நடக்கும் சத்தம்.

லென்ஸ் கதவைத் திறந்தார்.

குண்டு நடந்துகொண்டிருந்தாள். முதுகு நேராக. வலது கை முன்னால் நீண்டிருந்தது. விரலில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. நூல் அவளுக்கு முன்னே விண்ணென்று நீண்டு போனது. அதன் நுனியில் சுருக்கு, அந்தரத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் கை இருக்கும் உயரத்தில்.

சுருக்கு வட்டமாக விரிந்திருந்தது. உள்ளே எதுவோ இருக்கிற மாதிரி.

சமையலறை. பின்கதவு. அது திறந்திருந்தது.

அந்தப் பக்கம் படிகள்.

மனைவிதான் முதலில் பாய்ந்தாள். குண்டைத் தூக்கினாள். குழந்தையின் கை மட்டும் கீழே இறங்கவில்லை. நூல் இழுத்தது. விரல் நுனி நீலமானது. லென்ஸ் நூலைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் விரலிலிருந்து மறுமுனையை விடுவித்தார். கதவுக் கொக்கியில் கட்டினார். முடிச்சு தானாக அவிழ்ந்தது. குழாயில் கட்டினார். அவிழ்ந்தது.

இடது கையால் போனை எடுத்தார்.

"அண்ணே, அந்த நூல்…"

"வெட்டிட்டீங்களா?" தச்சரின் குரல் உடைந்தது. "காசுல கட்டுங்க சார்! ஓட்டை வழியா விட்டு முடிச்சுப் போடுங்க. வேற எதுல கட்டினாலும் நிக்காது. நான் ஆணியில கட்டிப் பார்த்துட்டேன்."

"விட்டுட்டா?"

"விட்டா திரும்பப் பிள்ளைகிட்டதான் வரும்."

"அந்தக் காசை அடைச்சுட்டேனே…"

"வேற ஓட்டைக் காசு இல்லையா? நாணயக் கடைதானே வச்சிருக்கீங்க?"

இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார். அத்தனை சுத்தமாக.

"லென்ஸ்!" மனைவி கத்தினாள். "நூலை எங்கிட்ட குடுங்க. போய்த் துளைங்க!"

குண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் நூலை வாங்கினாள். நூல் உள்ளங்கையை அறுத்தது. ரத்தம் சொட்டியது. விடவில்லை. நுனியை வெளிப்பக்கத்திலிருந்து சாவித் துவாரத்துக்குள் நுழைத்து, உள்ளே இழுத்து, கதவைக் காலால் சாத்தினாள். இப்போது சுருக்கு வெளியே. நூல் நுனி உள்ளே, அவள் கையில்.

மேஜையில் கிடந்தது ஏற்கெனவே வளைந்து மெலிந்த காசு, தாங்காது; மற்றவை இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. லென்ஸ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். வெல்வெட்டின் மேல் ஒரே ஒரு நாணயம். அச்சில் இருந்து வந்த நாள் முதல் எவர் கையும் படாதது. அவரே உறை போட்டுத்தான் தொடுவார். வெறுங்கையால் எடுத்தார். கரண்ட் இல்லை. கைத் துளைப்பானை அதன் தலையில் வைத்துச் சுழற்றினார்.

கர்ர்…

கர்ர்…

"சீக்கிரம்…"

ஓட்டை விழுந்தது. ஓடினார். கோத்தார். முடிச்சுப் போட்டார்.

டப்.

நாணயம் சாவித் துவாரத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. நின்றது.

வெளியே இரும்புப் படியில் ஏதோ உட்கார்ந்தது.

நான்காம் நாள் லென்ஸ் தச்சரைத் தேடிப் போனார். தச்சர் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அந்தக் காசு கிடைச்ச வீட்ல செத்துப்போன பிள்ளை யாருண்ணே?"

"பிள்ளையே கிடையாது சார். கல்யாணம் ஆகாத ஒரு பெரியவர், தனி ஆளா இருந்தாரு."

"என்ன வேலை பார்த்தாரு?"

"உங்க வேலைதான். பழைய காசு. ஊர்ல பெரிய பேராம். கடைசில கிறுக்குப் பிடிச்சு, சேர்த்து வச்ச காசையெல்லாம் ஒவ்வொண்ணா ஓட்டை போட்டுட்டாருன்னு சொன்னாங்க." தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "பலகையைப் பெயர்த்தப்போ பார்த்தேன். அடியில ஒரு கோணி நிறையக் காசு. எல்லாமே தட்டு மாதிரி குழிஞ்சு, ஓட்டை கிழிஞ்சு கிடந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணை மட்டும் கொண்டு வந்தீங்க?"

"அது ஒண்ணுதான் சார் கிழியாம இருந்துச்சு."

லென்ஸ் வீட்டுக்கு வந்தார். மனைவி கையில் கட்டோடு குண்டுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குண்டு மறுபடி தவழ ஆரம்பித்திருந்தாள். அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு சாவித் துவாரத்தருகே குனிந்தார்.

முடிச்சு அழுந்தி, நாணயத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

கடைக்குத் திரும்பினார். கதவை மெல்லச் சாத்தினார். இரும்புப் பெட்டியிலிருந்து அடுத்த நாணயத்தை எடுத்தார். கொஞ்சம் தடித்ததாகப் பார்த்து. வெளியே சத்தம் கேட்காமலிருக்க அதன் அடியில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, துளைப்பானைச் சுழற்றத் தொடங்கினார்.