அண்ணாவின் இரண்டாவது அடாப்டர்

அண்ணா எங்களைவிட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதியே ஆகவேண்டும் என்று அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து போனில் சொன்னான். எல்லோருக்கும் தெரிந்த அவருடைய நற்குணங்களை எழுதிக் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் அண்ணாவுக்குச் சொன்ன ஒரு பொய் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதை எழுதாமல் எனக்கு நிம்மதி வராது.

அண்ணா பள்ளிமுனையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. எங்களைப் பெற்ற ஐயா கடலில் இறந்த பிறகு படிப்பை விட்டுவிட்டுப் படகு எஞ்சின் திருத்தும் வேலைக்குப் போனார். இடம்பெயர்ந்து முருங்கனில் இருந்த காலத்திலும் சைக்கிள், தண்ணீர்ப் பம்ப் என்று எதையாவது திருத்தி எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான். எங்கள் நால்வரையும் கரைசேர்த்த பிறகே தனக்கென்று கலியாணம் செய்தார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணி காலமான பின்னர் என் பக்கத்து வளவில் தனியே இருந்தார். மத்தியானச் சாப்பாடு மட்டும் என் வீட்டில்.

அவருடைய கடைசி ஆசை ஒரு சின்ன நீராவிப் படகு. பால்மா டின் அளவுக்குச் செம்பில், தண்ணீரை ஆவியாக்கும் ஒரு பொயிலரும் அதற்கு ஒரு குட்டி எஞ்சினும் செய்தார். பொயிலரில் அமுக்கம் காட்டும் மீற்றர் ஒன்றையும் பூட்டினார். கோயில் திருநாளன்று தண்ணீர்த் தொட்டியில் அதை ஓட விடுவதாக மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

நான் அன்றே தடுக்கத்தான் பார்த்தேன். முருங்கனில் ஒரு கடையில் லொறி டயர் வெடித்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

“அண்ணா, இது வெடிச்சா என்ன செய்வீங்கள்?”

“விசர்க் கதை கதையாதை பிள்ளை. முதல்ல கொஞ்சம் காத்தடிச்சுத் தண்ணிக்குள்ள தாட்டுப் பாக்கிறது. குமிழி வந்தா ஓட்டை. பிறகு தண்ணியை நிரப்பி, அதிலதான் கூடின அமுக்கம் குடுத்துப் பாக்கிறது. காத்து மாதிரித் தண்ணி வெடிச்சுச் சிதறாது.”

காற்றடிக்கச் சைக்கிள் பம்ப் இருந்தது. ஆனால் அதன் வாய் பொயிலரில் பொருந்தாது. இரண்டையும் இணைக்க ஓர் அடாப்டர் வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பின் வால்வை வெட்டி, தாராபுரத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் திருகு மரை வெட்டுவித்த பித்தளைத் துண்டில் ஒட்டினார். பொயிலரின் உச்சியில் சேஃப்டி வால்வுக்கென்று விட்டிருந்த துளையில் அதைப் பூட்டினார். ஆவி கூடினால் தானாகத் திறந்து வெளியே விடுவது அந்தச் சேஃப்டி வால்வுதான்.

மீன் போடும் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் தண்ணீர் நிரப்பிப் பொயிலரை அமிழ்த்தினார். அடாப்டரின் மரையிலிருந்து குமிழி வந்தது. எங்கள் கரையில் எது ஒழுகினாலும் படகுக்குப் பூசும் ரெசினைத்தான் தேடுவோம். அண்ணாவும் மரையில் ரெசினைப் பூசி இறுக்கிவிட்டார். குமிழி நின்றது. ஆனால் அதன் பிறகு அடாப்டர் கழன்று வரவில்லை. ஸ்பானர் சாவியைப் போட்டு முறுக்கினாலும் அசையவில்லை. சேஃப்டி வால்வு பூட்ட இடமில்லாமல் போய்விட்டது.

திருநாளுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

“பிள்ளைகளுக்குச் சொல்லிப்போட்டன். மீற்றரைப் பாத்துக்கொண்டுதானே நிப்பன்? கூடினா கீழ எரியிற விளக்கை இழுத்துப்போடுறன்,” என்றார் அண்ணா. வாழ்நாள் முழுவதும் எஞ்சினுடன் கிடந்த மனிதர் இப்படிக் கதைத்தது எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டுவதும் அது வெடிப்பதும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. அடுத்த நாள் அவர் பூசைக்குப் போன நேரம், பொயிலரைச் சூடாக்கும் ஸ்பிரிட் விளக்கை எடுத்துவந்து, துணியில் சுற்றி, என் அரிசி வாளியின் அடியில் புதைத்துவிட்டேன்.

“விளக்கைக் கண்டனீயோ?” என்று சாப்பிடும்போது கேட்டார்.

“இல்லை அண்ணா. எனக்கென்ன தெரியும்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சோற்றில் சொதியை ஊற்றிச் சாப்பிட்டார். அதன் பிறகு அவர் விளக்கைப் பற்றிக் கேட்கவேயில்லை.

அந்தக் கிழமை பொறுமையாகச் சூடு காட்டி ரெசினை இளக்கி, அடாப்டரைக் கழற்றி எறிந்தார். இரண்டாவதைச் செய்தார். இம்முறை ரெசின் இல்லை. பழைய செருப்புத் தோலில் வெட்டிய ஒரு வளையம் மட்டும். ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பொயிலர் தண்ணீருக்குள் இருந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். மீற்றரின் முள், காற்றுச் சோதனைக்கென்று அவர் தாழக் கீறியிருந்த சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

“காத்து நாளைக்குக் காலமை மட்டும் நிக்கட்டும். தண்ணிச் சோதினையும் முடிய, உன்னட்ட வந்து ஒரு சாமான் கேப்பன்,” என்றார். பழந்துணியாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல் படலையடியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து அவருடைய வேலைக் கொட்டிலுக்குப் போனேன். இத்தனை நாளுக்கும் மீற்றரின் முள் ஒரு கோடுதான் இறங்கியிருந்தது. அடாப்டரின் வால்வை நகத்தால் அமத்திக் காற்றை வெளியே விட்டேன். அது சீறி அடங்கும் வரை நின்று அழுதேன். இரண்டாவது அடாப்டர் விரலாலேயே கழன்று வந்தது. ஆனால் சேஃப்டி வால்வு அவர் அதைப் போட்டுவைக்கும் டப்பாவில் இல்லை. எங்கும் தேடினேன். அது இல்லாமலேயே பற்றவைக்க நினைத்து எறிந்துவிட்டாரோ என்று, இறந்த மனிதரை நினைத்தும் பயந்தேன்.

துக்க வீடென்று என் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. எட்டு நாளும் அயலவர்தான் சமைத்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அரிசி வாளியைத் திறந்தபோது விளக்கின் நினைவு வந்து கையை விட்டேன். துணிப் பொட்டலம் இருந்தது. ஆனால் அது நான் சுற்றியது போல இல்லை. வலை பின்னும் நைலோன் நூலால் அண்ணாவின் முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே விளக்கு. அதோடு சேர்த்துக் கட்டியபடி சேஃப்டி வால்வு.

தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் அவர் என்னிடம் கேட்கவிருந்த சாமான் இதுதான். எப்போது கண்டுபிடித்தாரோ தெரியாது. கண்டும் எடுக்கவில்லை, கேட்டு என்னை வெட்கப்படுத்தவும் இல்லை. வால்வு இல்லாமல் விளக்கு வெளியே வராது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அண்ணாவை ஆட்டோவில் ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் பாடுபட்டவர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், எட்டு நாளும் எங்கள் பசி பார்த்த பள்ளிமுனைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தண்ணீர்ச் சோதனையைச் செய்து முடித்துத் தந்த தாராபுரம் நண்பருக்குத் தனியே நன்றி.

நினைவுத் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் கோயில் தொட்டியடிக்கு வாருங்கள். பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். சேஃப்டி வால்வைப் பூட்டி, நான்தான் விளக்கைக் கொளுத்தப் போகிறேன். பயம் இன்னும் போகவில்லை, அண்ணா. ஆனாலும் கொளுத்துவேன்.