பெட்டி காரில், இன்ஸ்பெக்டர் ரயிலில்

ஸ்டோர்ஸிலிருந்து என்னை இன்ஸ்பெக்ஷன் கோஆர்டினேஷனுக்கு மாற்றிய முதல் நாளே ஏர்போர்ட் டியூட்டி. செகந்திராபாத்தை அடுத்த உப்பலில் வால்வு செய்யும் கம்பெனி எங்களுடையது. சென்னையிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் பிரஷர் டெஸ்டைப் பார்த்து ஸ்டாம்ப் அடித்தால்தான் வால்வுகள் லாரி ஏறும். அன்று விட்டால் அடுத்த விசிட்டுக்கு இரண்டு வாரம். ஆர்டரே கேன்சல் ஆகிவிடும்.

"ஸ்டெல்லா, அவரைக் கீழ விடாம தாங்கணும். பதினொரு மணிக்கு டெஸ்ட்" என்றார் ஜி.எம்.

தாங்கினேன். இன்ஸ்பெக்டர் சிதம்பரம் போன் பேசிக்கொண்டே வெளியே வந்தார். விருந்தாளி கையில் பெட்டி இருக்கக்கூடாது என்பது எங்கள் கம்பெனி பழக்கம். பிடுங்காத குறையாக வாங்கி டிரைவர் ஜப்பாரிடம் கொடுத்தேன். அவர் அதை டிக்கியில் வைக்கப் போனார்.

போனை வைத்த சிதம்பரம், "கார் வேண்டாம்மா. எனக்கு ரூல் இருக்கு. கம்பெனி கார்ல வந்துட்டு ரிப்போர்ட் எழுதினா யார் நம்புவா? லோக்கல் ட்ரெயின் இருக்காமே?" என்றார்.

"ட்ரெயின் ஏர்போர்ட்டுக்குள்ள வராது சார். உம்தாநகர் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில போகணும்."

"போவோம்."

"உங்க பெட்டி கார்ல ஏறிடுச்சே சார்!"

அவர் நின்று யோசித்தார். "பெட்டியைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல. அது வரட்டும்."

ஜி.எம்.முக்கு போன் போட்டு, "இன்ஸ்பெக்டர் ட்ரெயின்ல வர்றார் சார், கார் காலியா வருது" என்றேன். பெட்டியைச் சொல்ல மறந்துவிட்டேன். என் தப்பு அதுதான், அது மட்டும்தான்.

ரயிலில் சிதம்பரம் சந்தோஷமாக இருந்தார். நடுவிலிருந்த கம்பியைத் தட்டிப் பார்த்து, "வெல்டிங் நல்லா இருக்கு" என்றார். ஃபலக்நுமாவில் நான் வேர்க்கடலை வாங்கி நீட்டினேன். மறுத்துவிட்டு, தானே ஒரு பொட்டலம் வாங்கி எனக்கு நீட்டினார்.

"நான் கொடுக்கலாம்மா. நீங்கதான் கொடுக்கக்கூடாது."

இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன்.

செகந்திராபாத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, பத்தரைக்கெல்லாம் ஃபாக்டரியில் இருந்தோம். வால்வு தயார். பம்ப் தயார். "பிரஷர் அளக்கிற என் மாஸ்டர் கேஜும் ஸ்டாம்பும் பெட்டியில இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றார் சிதம்பரம்.

கார் வரவில்லை.

ஜப்பார் போன் எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்ற கம்பெனி ரூலை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

ஜி.எம்.மிடம் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். மனிதர் முகம் ஒரு மாதிரி வெளிறியது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த நிமிடம் ஒர்க்ஷாப்பே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"பெட்டியை யாராவது தனியா அனுப்புவாங்களா? முதல் நாளே இப்படியா?"

"என் தப்பு சார்" என்றேன்.

பதினொன்றரைக்கு மறுபடி கத்தினார். மறுபடி ஒத்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கும் அதே. சிதம்பரம் ஃப்ளைட்டுக்கு மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். மறுநாளே ஸ்டோர்ஸுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

பன்னிரண்டேகாலுக்குக் கார் வந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு வயதான அம்மாள், ஊறுகாய் ஜாடியை அணைத்தபடி இறங்கினார்.

"மாப்ளே! வண்டி காலியாத்தான் வருதுன்னு சொன்னீங்க. டிக்கியில யாரோ பெட்டியை வெச்சிருக்காங்க. என் மூட்டையை மடியிலயே வெச்சுட்டு வந்தேன்!"

காஞ்சன்பாக்கிலிருந்து வந்த ஜி.எம்.மின் மாமியார். நான் ஜப்பாரைப் பார்த்தேன். "ஏர்போர்ட்ல கிளம்பறதுக்கு முன்னாடியே ஜி.எம். சாப் போன் பண்ணி, இவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. மேரேகு நக்கோ பூச்சோ மேடம்" என்றார். என்னைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம்.

சிதம்பரம் பெட்டியை வாங்கிக்கொண்டு, "டெஸ்ட் ஆரம்பிக்கலாமா?" என்றார். வால்வுகள் பாஸ். இரண்டே முக்காலுக்கு ஸ்டாம்ப் விழுந்தது.

ஜி.எம். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஒரு சர்குலரை டைப் செய்து ஒட்டச் சொன்னார்: 'விருந்தினரின் பெட்டி விருந்தினருடனேயே வர வேண்டும்.' ஒட்டினேன். அதன் கீழே பேனாவால் நானும் ஒரு வரி சேர்த்தேன்: 'காலிக் கார் நேராக ஃபாக்டரிக்கு வர வேண்டும்.' ஜி.எம். நின்று படித்தார். கிழிக்காமல் போய்விட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் தப்பை உடனே ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதும். இரண்டாவது தடவை ஒத்துக்கொள்வதற்கு முன் அது யாருடைய தப்பு என்று விசாரியுங்கள்.