2100, 64, -760: சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி மகள் கட்டிய வீட்டுக்குப் போனோம்

ஒரு சனிக்கிழமை காலை, வழக்கம்போல, நானும் என் ஒன்பது வயது மகள் யாழினியும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, நாத்தனார் வீட்டுக்கு, பஸ்ஸில் கிளம்பினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நான் எழுத வந்தது அந்தப் பயணத்தை அல்ல. அதே சீட்டில் உட்கார்ந்து நாங்கள் போன இன்னொரு பயணத்தை. கட்டம் கட்டமாக அடுக்கி வீடு கட்டும் ஆன்லைன் விளையாட்டை உங்கள் பிள்ளை ஆடினால், நீங்களும் ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் யாழினி ஆரம்பித்தாள். "நான் கட்டுன வூட்ட நீ பாத்ததே இல்லம்மா. வா, நம்பர் சொல்றேன்." அவள் டேப்லெட்டில், நான் போனில் அதே விளையாட்டைத் திறந்து. செலவு, டேட்டா மட்டும்.

வழி சுலபம்தான். திரையின் மூலையில் மூன்று எண்கள் ஓடும். முதல் எண் கூடினால் கிழக்கே போகிறோம். நடு எண் உயரம். மூன்றாவது, மைனஸில் போகப் போக வடக்கு. எண்ணில் ஒன்று கூடினால் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழினி சொன்ன இடம் 2100, 64, -760. தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிடம், எனக்கு இருபத்தைந்து. நடுவில் ஆற்றில் விழுந்துவிட்டேன்.

"தண்ணிக்குள்ளயே ஏம்மா நிக்கற? மேல வர பட்டன அமுக்கு."

"எங்கடி இருக்குது அது?"

"ஒனக்கு ஸ்கூட்டியே ஒழுங்கா வராது."

புதுச்சத்திரம் தாண்டியபோது மூன்று எண்களும் சரியாகப் பொருந்தின. சிரித்துக்கொண்டே பார்த்தேன். முன்னால் நின்றது எங்கள் தெரு.

தெருவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அங்கே யாழினி பலகையில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் நீலக் கேட், எதிரே மருந்துக்கடை, முனையில் 'ஸ்கூல் வேன் 7.50' என்று இன்னொரு பலகை. வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருக்கும் இடத்தில் ஒரு பெட்டி. திறந்தேன். உள்ளே ஒரே ஒரு பொருள். அதற்கு 'சாவி' என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் வீட்டுச் சாவியை நாங்கள் நிஜமாகவே அங்கேதான் வைப்போம்.

"இத யாருக்குக் காட்டுன?"

"ஸ்டார் அக்காவுக்கு மட்டுந்தான். உங்க வூடு மாதிரியே கட்டு, அழகா இருக்கும்னாங்க. எது எது எங்க இருக்குன்னு கேட்டுக் கேட்டு வைக்கச் சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"கேம்ல இருக்கற அக்கா."

அப்போதே அவள் டேப்பில் அந்த ஸ்டார் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. 'இன்னைக்கு சனிக்கிழமை ஆச்சே. அத்த வூட்டுக்குப் போயிட்டீங்களா? வூட்ல யாரும் இல்லியா?'

டேப்பைப் பிடுங்கி, 'நான் யாழினியோட அம்மா. நீங்க யாரு?' என்று அடித்தேன். அடுத்த நொடி, ஆடுகிறவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எழுந்து நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"ஒக்காரும்மா, சிதம்பரம் இன்னும் வரல" என்றார் கண்டக்டர்.

புதுச்சேரியில் வேலையில் இருந்த கணவருக்கு போன் போட்டேன். "மாமா, செருப்பு ஸ்டாண்டு சாவிய ஒடனே போயி எடுங்க."

"ஏன், கேம்ல திருடன் பூந்துட்டானா?"

முழுவதும் சொன்னேன். "கெளம்பிட்டேன்" என்றார்.

நாங்கள் கீழ வீதியில் நாத்தனார் வீடு போய்ச் சேர்ந்த பிறகு அவர் கூப்பிட்டார். சாவி அங்கேயே இருந்தது. அன்றே பூட்டை மாற்றினார். மறுநாள் சைபர் க்ரைம் பிரிவில் புகார் கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: பிள்ளையைத் திட்டாமல், வழிகாட்டச் சொல்லிக் கூடவே போங்கள். பலகைகளையெல்லாம் படியுங்கள். தப்பாக ஏதாவது தெரிந்தால் அழிக்காதீர்கள். எண்களும் பேச்சும் தெரிகிற மாதிரி திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் உள்ளே வருவதையும் பேசுவதையும் செட்டிங்ஸில் நிறுத்தலாம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று நாத்தனார் வீட்டில் யாழினி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த அக்கா வூட்டு நம்பர நானும் கேட்டேம்மா. நெறைய வாட்டி. தரவே இல்ல."

"ம்."

"அவுங்களுக்கு வூடே இல்லன்னு நெனச்சேன். அதான் என் ரூம்ல, என் கட்டிலுக்குப் பக்கத்துல, அவுங்களுக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கேன்."